நகராட்சியின் கார்பனை எந்த மீட்டரில் அளப்பது?

கேட்டிருப்பவர் ஒரு நகராட்சியின் வார்டு உறுப்பினர். கேள்வியின் சாரம் இது: ஊரைக் கார்பன் சமநிலை நகராட்சியாக, அதாவது வெளியிடும் கார்பனை முழுவதும் ஈடுகட்டும் நகராட்சியாக, மாற்றுவது என்று மன்றத்தில் தீர்மானம் நிறைவேறியிருக்கிறது. பத்தாயிரம் மரக்கன்று, அலுவலகக் கூரையில் சோலார், இவைதான் இப்போதைக்குத் திட்டம். ஆலையோ புகைபோக்கியோ இல்லாத ஊரில் நகராட்சி எவ்வளவு கார்பன் வெளியிடுகிறது என்பதை எதை வைத்து அளப்பார்கள், எப்படிக் குறைப்பார்கள் என்று கேட்கிறார். இதற்குள் இன்னொரு கேள்வியும் ஒளிந்திருக்கிறது என்று நினைக்கிறேன். கன்றும் சோலாரும் உண்மையிலேயே எதையாவது குறைக்குமா, இல்லை நாம் கை தூக்கியது கண்துடைப்புக்கா என்பதுதான் அது. முதல் கேள்விக்குப் பதில் சொன்னால் இரண்டாவதற்கும் பதில் தானாக வந்துவிடும்.

என்னைப் பற்றி ஒரு வரி. உள்ளாட்சிகளின் குடிநீர் நிலையங்களிலும் தெருவிளக்குகளிலும் மின்சிக்கனத் தணிக்கை செய்வது என் தொழில். அதனால் மோட்டார், பம்ப், மின்கட்டணம் பற்றிக் கீழே சொல்வது நேரில் அளந்து பார்த்த அனுபவத்தில் வருவது. குப்பையும் கழிவுநீரும் பற்றிச் சொல்வது ஐபிசிசி என்ற ஐ.நா. காலநிலை அறிவியல் குழுவின் வழிகாட்டிகளில் உள்ள சூத்திரங்களையும் பொது மதிப்புகளையும் வைத்துப் போட்ட கணக்கு. அந்தப் பகுதியின் எண்களைக் கூடக்குறைய என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், கார்பனை யாரும் நேரடியாக அளப்பதில்லை. (கார்பன் என்று இங்கே சொல்வது கார்பன் டை ஆக்சைடையும் அதற்குச் சமமாக மாற்றிய மற்ற வாயுக்களையும்தான்.) எரித்ததையும் இழுத்ததையும் கொட்டியதையும்தான் அளக்கிறார்கள். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும், பெட்ரோல் என்றால் 2.3 கிலோ. இது வேதியியல், இதில் சண்டை போட ஒன்றுமில்லை. குப்பை லாரிகளின் டீசல் பதிவேட்டை எடுத்து லிட்டரைக் கூட்டிப் பெருக்கினால் வேலை முடிந்தது. மின்சாரத்துக்கு மத்திய மின்சார ஆணையம் ஆண்டுதோறும் ஒரு காரணி வெளியிடுகிறது. நாட்டின் எல்லா மின்நிலையங்களையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எவ்வளவு கார்பன் என்பதே அது. சில ஆண்டுகளாக 0.7 கிலோவை ஒட்டியே இருக்கிறது. கீழே உள்ள கணக்குகளுக்கு 0.72 என்று வைத்துக்கொள்கிறேன். மீத்தேன் போன்ற மற்ற வாயுக்களை அவற்றின் சூடேற்றும் திறனால் பெருக்கிக் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமாக மாற்றுவார்கள். நூறு ஆண்டுக் கணக்கில் ஒரு டன் மீத்தேன் ஏறக்குறைய 28 டன்னுக்குச் சமம். இருபது ஆண்டுக் கணக்கில் பார்த்தால் எண்பதைத் தாண்டும்.

பெருக்கல் எளிது. எதைக் கணக்கில் சேர்ப்பது, எதை விடுவது என்பதுதான் பெரும்பாடு. உலகெங்கும் பின்பற்றப்படும் ஜிஹெச்ஜி புரோட்டோகால் (பசுமைஇல்ல வாயுக் கணக்கு நெறிமுறை) முறையில் மூன்று வட்டங்கள் உண்டு. நகராட்சி தன் இடத்தில் தானே எரிப்பதும் தன் குப்பைக்கிடங்கில் அழுகுவதும் ஸ்கோப் 1. விலைக்கு வாங்கும் மின்சாரம் ஸ்கோப் 2. ஒப்பந்ததாரர் ஓட்டும் வண்டி, ரோடு போட வாங்கும் சிமென்ட் மாதிரி மற்றவர் கையால் நடப்பதெல்லாம் ஸ்கோப் 3. இது நகராட்சி என்ற அமைப்பின் கணக்கு. ஊர் முழுவதன் கணக்கு வேறு. வீட்டு மின்சாரம், கேஸ் அடுப்பு, டூவீலர், கடை, பட்டறை எல்லாவற்றையும் சேர்க்கும் அந்தக் கணக்குக்கு 2014இல் ஜிபிசி என்ற தனி நெறிமுறையே வந்தது. உங்கள் தீர்மானத்தில் உள்ள 'நகராட்சி' என்ற சொல் அலுவலகத்தைக் குறிக்கிறதா, ஊரைக் குறிக்கிறதா என்று பாருங்கள். பல இடங்களில் தீர்மானம் எழுதியவருக்கே அது தெரியாது.

இந்த எல்லை மாறினால் செய்ய வேண்டிய வேலையும் மாறிவிடும். மும்பை மாநகராட்சி 2022இல் வெளியிட்ட காலநிலைச் செயல்திட்டத்தைப் பாருங்கள். 2019இல் நகர் முழுவதும் வெளியேற்றியது சுமார் 2.3 கோடி டன். அதில் எழுபது சதவீதத்துக்கு மேல் கட்டடங்களின் மின்சாரமும் எரிபொருளும், ஐந்தில் ஒரு பங்கு போக்குவரத்து. குப்பை பத்து சதவீதத்துக்கும் கீழே. இதைப் படித்துவிட்டு குப்பை சின்ன விஷயம்தானே என்று நினைத்துவிடக் கூடாது. வீட்டு மின்சாரத்தைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு மாநகராட்சி தன் கையால் செய்வதை மட்டும் பார்த்தால் படம் தலைகீழாகும்.

இன்னொரு எல்லைத் தகராறு நம் ஊருக்கே உரியது. உங்கள் ஊருக்குத் தண்ணீர் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் வருகிறதா? ஒகேனக்கல் தண்ணீர் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குப் போவதும், திருச்சிப் பக்கத்துக் காவிரித் தண்ணீர் ராமநாதபுரம் வரை ஓடுவதும் அப்படித்தான். அங்கே பெரிய மோட்டார்களின் மின்சாரக் கட்டணம் குடிநீர் வடிகால் வாரியத்தின் கணக்கில் போகும். நகராட்சி தன் ஈபி பில்களை மட்டும் கூட்டினால் குடிநீருக்கு மின்சாரமே செலவாகாத ஊர் போலத் தெரியும். பக்கத்து நகராட்சி சொந்தமாக ஆற்றிலிருந்து இறைத்தால் அதன் மின்சாரக் கார்பன் பல மடங்காகத் தெரியும். இரண்டு ஊரையும் ஒப்பிட்டு ஒன்றுக்கு விருது கொடுத்தால் விருது வாங்குவது குழாய் அமைப்புதானே தவிர நிர்வாகம் அல்ல. முறைப்படி பார்த்தால் வாரியம் அனுப்பும் ஒவ்வோர் ஆயிரம் லிட்டருக்கும் ஆன மின்சாரத்தைக் கேட்டு வாங்கி ஸ்கோப் 3இல் சேர்க்க வேண்டும்.

இனி ஒரு மாதிரிக் கணக்கு. மக்கள்தொகை ஒரு லட்சம், சொந்தக் குடிநீர் நிலையம், ஆளுக்கு நாளொன்றுக்கு நூறு லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். இது எந்த உண்மையான ஊரும் அல்ல, அளவுகள் மனதில் நிற்பதற்காக நானே வைத்துக்கொண்டது. ஒரு நாளைக்கு ஒரு கோடி லிட்டர். உயரமும் குழாய் உராய்வும் சேர்ந்து நூறு மீட்டர் ஏற்ற வேண்டும். இயற்பியல்படி ஆயிரம் லிட்டரை நூறு மீட்டர் ஏற்ற 0.27 யூனிட் போதும். பம்பும் மோட்டாரும் சேர்ந்து பாதித் திறனில் ஓடினால் 0.55 யூனிட் ஆகும். ஆண்டுக்கு ஏறக்குறைய 20 லட்சம் யூனிட், 1,430 டன் கார்பன். திறனை எழுபது சதவீதத்துக்குக் கொண்டுவந்தால் 14 லட்சம் யூனிட்டில் முடியும். மிச்சம் சுமார் 410 டன். யூனிட் எட்டு ரூபாய் என்று வைத்தால் ஆண்டுக்கு நாற்பத்தைந்து லட்சம் ரூபாயும் மிச்சம். புதிய பம்ப்செட் போட்ட செலவு பெரும்பாலும் இரண்டு மூன்று ஆண்டில் திரும்பிவிடும்.

பாதித் திறன் என்று நான் கற்பனையாகச் சொல்லவில்லை. பெயர்ப்பலகையில் எழுபத்தைந்து, எண்பது என்று அச்சடித்த பம்புகள் உண்மையில் ஐம்பதுக்குக் கீழே ஓடுவதைப் பல இடங்களில் அளந்திருக்கிறேன். காரணங்கள் பழகிப்போனவை. மோட்டார் புகைந்தால் காயில் கட்டி மாட்டுவார்கள், மூன்று நான்கு முறை கட்டிய மோட்டார் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லர் தேய்ந்திருக்கும். எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம், தேவைக்கு மீறிய அழுத்தம் உள்ள பம்பை வாங்கிப் போட்டுவிட்டு வெளிவாயில் வால்வைப் பாதி மூடி வைத்து ஓட்டுவது. ஆக்சிலரேட்டரை மிதித்துக்கொண்டே பிரேக்கையும் பிடிப்பது போன்ற வேலை. பம்ப் ஆபரேட்டரைக் கேட்டால், 'திறந்தா ஆம்பியர் ஏறுது சார், ட்ரிப் ஆகுது' என்பார். அவர் சொல்வது சரிதான், பம்ப் தேர்வுதான் தவறு. இதைக் கண்டுபிடிக்க பெரிய ஆய்வு தேவையில்லை. குழாயின் மேல் வைக்கும் அல்ட்ராசோனிக் ஓட்டமானி, ஒரு அழுத்தமானி, மோட்டார் இழுக்கும் மின்சாரத்தை அளக்கும் ஒரு பவர் அனலைசர், அரை நாள். மூன்று எண்ணும் கிடைத்தால் திறன் தெரிந்துவிடும்.

ஒரு சின்ன எச்சரிக்கை. மின்சிக்கனம் என்ற பெயரில் கெப்பாசிட்டர் பேனல் விற்க வருவார்கள். பவர் ஃபேக்டர் குறைவு என்று மின்வாரியம் போடும் அபராதத்தைக் கட்டிக்கொண்டிருந்தால் அதை வாங்குவதில் லாபம் உண்டு, பணம் மிச்சமாகும். ஆனால் மோட்டார் இழுக்கும் யூனிட் கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கும். கார்பன் அறிக்கையில் அதைக் குறைப்பு என்று எழுதினால் தவறு.

தெருவிளக்கில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பெரும்பாலான நகராட்சிகள் எல்இடிக்கு மாறிவிட்டன, எளிதாகக் கிடைக்கக்கூடியது கிடைத்துவிட்டது. ஐயாயிரம் விளக்கு, சராசரி முப்பது வாட், இரவு பதினொரு மணி நேரம் என்றால் ஆண்டுக்கு ஆறு லட்சம் யூனிட், 430 டன். பகலிலும் எரியும் விளக்குகளைப் பிடித்தால் இதில் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். குப்பை வண்டிகளுக்கு நாளொன்றுக்கு முந்நூறு லிட்டர் டீசல் போனால் ஆண்டுக்கு முந்நூறு டன்னுக்குச் சற்றுக் குறைவு.

இப்போது குப்பை. ஆளுக்கு 400 கிராம் என்றால் ஊருக்கு நாளொன்றுக்கு 40 டன், அதில் பாதி மக்கும் குப்பை. ஆண்டுக்கு 7,300 டன் சாப்பாட்டு மிச்சமும் காய்கறிக் கழிவும் கிடங்குக்குப் போகிறது. மேலே மேலே கொட்டும்போது அடியில் காற்று புகாமல் அழுகி மீத்தேன் வரும். ஐபிசிசி பொது மதிப்புகளை வைத்துப் போட்டால், ஐந்து மீட்டருக்கு மேல் உயர்ந்த குவியலில் ஒரு டன் உணவுக்கழிவு மொத்தமாக அழுகி முடிப்பதற்குள் ஏறக்குறைய 40 கிலோ மீத்தேன், அதாவது 1.1 டன் கார்பனுக்குச் சமமானதை வெளியிடும். நம் மாதிரி ஊருக்கு இது 8,000 டன்னுக்கு மேல். தண்ணீரும் விளக்கும் வண்டியும் சேர்ந்து இரண்டாயிரத்துச் சொச்சம்தான். அலுவலகக் கணக்கில் குப்பைக்கிடங்கு மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிடும். படம் தலைகீழாகும் என்று முன்பு சொன்னது இதைத்தான்.

இங்கேதான் உறுதியானதையும் சந்தேகமானதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். மக்கும் குப்பையைக் குவித்தால் மீத்தேன் வரும் என்பது உறுதி. எவ்வளவு என்பது மதிப்பீடு. ஐந்து மீட்டருக்குக் கீழே பரவலாகக் கொட்டிய மேடு என்றால் அதே சூத்திரம் பாதிதான் காட்டும், நாலாயிரம் டன். குப்பை அதேதான், மேட்டின் உயரம் மட்டும் வேறு. ஆலோசகர் எந்த மதிப்பைப் போட்டார் என்பதைப் பார்க்காமல் அறிக்கையின் கடைசி எண்ணை மட்டும் பார்ப்பதில் பொருளே இல்லை. அழுகும் வேகமும் மழையைப் பொறுத்தது. ஆண்டுக்கு ஆயிரம் மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் வெப்பப் பகுதியில் உணவுக்கழிவு இரண்டு ஆண்டுக்குள்ளேயே பாதி அழுகிவிடும் என்பது ஐபிசிசி வைக்கும் மதிப்பு. வறண்ட பகுதிக்கு அதுவே எட்டு ஆண்டு. சென்னை முதல் வகை, தமிழ்நாட்டின் உள் மாவட்டங்களில் பல இரண்டாம் வகை.

இதிலிருந்து ஒரு விஷயம் வருகிறது, பலருக்குப் பிடிக்காது. பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் செய்வதுபோலப் பழைய குப்பை மேட்டைத் தோண்டிப் பிரிக்கும் பயோமைனிங்கை இப்போது எல்லா ஊரிலும் எடுக்கிறார்கள். நல்ல வேலைதான், நிலம் மீளும், நிலத்தடி நீருக்கு நல்லது, 2022 ஏப்ரலில் பெருங்குடியிலும் 2024 ஏப்ரலில் கோவை வெள்ளலூரிலும் எரிந்த மாதிரித் தீ பிடிக்காது. ஆனால் மழை அதிகமுள்ள ஊரில் இருபது ஆண்டுப் பழைய குப்பை தன் மீத்தேனில் பெரும்பகுதியை எப்போதோ விட்டு முடித்திருக்கும். கார்பன் கணக்கில் நேற்றுக் கொட்டிய லாரிதான் ஆபத்து. பழைய மேட்டைக் கோடிக்கணக்கில் செலவழித்துக் கரைத்துக்கொண்டே பக்கத்தில் புது மேடு எழுப்பும் ஊர்கள் உண்டு. அந்த ஊர்களில் கார்பன் குறையவில்லை, இடம் மாறியிருக்கிறது.

புதுக் குப்பைக்கு வழி உரமாக்குவதே. அதிலும் கொஞ்சம் மீத்தேனும் நைட்ரஸ் ஆக்சைடும் வரும், டன்னுக்கு 0.2 டன் கார்பனுக்குச் சற்றுக் குறைவாக. குவியலின் 1.1 உடன் ஒப்பிட்டால் ஆறில் ஒரு பங்கு. மக்கும் குப்பையில் பாதியை மட்டும் நுண் உரமாக்கும் மையங்களுக்குத் திருப்பினாலே மாதிரி ஊரில் ஆண்டுக்கு மூவாயிரம் டன்னுக்கு மேல் குறைகிறது. காகிதத்தில். களத்தில் அது நடக்கப் பிரித்து வாங்கிய குப்பை வேண்டும். கலந்த குப்பை வந்தால் மையத்தில் உள்ள பெண்கள் நாள் முழுக்கப் பிளாஸ்டிக் பொறுக்குவார்கள், உரம் வராது, மாலையில் எல்லாம் லாரி ஏறிக் கிடங்குக்கே போகும். இந்தூரில் 2022இல் தொடங்கிய, நாளொன்றுக்கு 550 டன் ஈரக்கழிவிலிருந்து வாகன எரிவாயு எடுக்கும் பயோ சிஎன்ஜி ஆலையை எல்லோரும் உதாரணம் காட்டுகிறார்கள். அதைப் பார்த்து ஆலையை வாங்க ஆசைப்படுபவர்கள் அந்த ஊர் அதற்குப் பல ஆண்டு முன்பே வீட்டு வாசலில் குப்பையைப் பிரித்து வாங்கப் பழகிவிட்டது என்பதைப் பார்ப்பதில்லை. என் யோசனை, வீடுகளோடு மல்லுக்கட்டிக்கொண்டே, முதலில் காய்கறிச் சந்தை, ஹோட்டல், கல்யாண மண்டபங்களைப் பிடியுங்கள். நாளொன்றுக்கு நூறு கிலோவுக்கு மேல் குப்பை தருபவர்களுக்கு 2016 திடக்கழிவு விதிகளிலேயே தனிப் பொறுப்பு சொல்லப்பட்டது. அங்கிருந்து வரும் வாழையிலையும் காய்கறியும் பெரும்பாலும் சுத்தமாக வரும்.

யாரும் பேசாத ஒன்று செப்டிக் டேங்க். பொது மதிப்புகளை வைத்துப் போட்டால் செப்டிக் டேங்க் உள்ள வீட்டில் ஆளுக்கு ஆண்டுக்கு நூறு கிலோ கார்பனுக்குச் சமமான மீத்தேன் வருகிறது. பாதாளச் சாக்கடை இல்லாத லட்சம் பேர் ஊரில் இது குப்பைக்கிடங்கையே மிஞ்சக்கூடும். ஆனால் இந்த எண்ணின் மேல் எனக்கு நம்பிக்கை குறைவு. தொட்டியைக் கட்டிய விதம், எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை லாரி வைத்து எடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்து அளவு பல மடங்கு மாறும். தொட்டி வீட்டுக்காரருடையது என்பதால் நகராட்சி என்ற அமைப்பின் கணக்கில் அது வராது, ஊர்க் கணக்கில் வரும். சுத்திகரிப்பு நிலையம் கட்டினால் மட்டும் பிரச்சினை தீராது, அதிலும் மின்சாரம் போகும், வாயு வரும். சென்னைக் குடிநீர் வாரியம் கொடுங்கையூர், பெருங்குடி, நெசப்பாக்கம், கோயம்பேடு நிலையங்களில் கசடிலிருந்து வரும் வாயுவைப் பிடித்து எஞ்சின் ஓட்டி மின்சாரம் எடுக்கிறது. சின்ன ஊர்களின் நிலையங்களில் அந்த அளவு வாயு சேராது.

சரி, உங்கள் பத்தாயிரம் கன்றுக்கு வருவோம். நன்றாக வேரூன்றிய மரம் ஆண்டுக்குப் பத்து இருபது கிலோ கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சும் என்று வைத்துக்கொள்ளலாம், இனத்தையும் மண்ணையும் பொறுத்து மாறும். பத்தாயிரமும் பிழைத்து வளர்ந்தால் 100 முதல் 200 டன், அதுவும் சில ஆண்டுகள் கழித்து. முதல் கோடையைத் தாண்டுவது எத்தனை என்பது உங்களுக்கே தெரியும். கூரை சோலாரில் ஒரு கிலோவாட்டுக்கு ஆண்டுக்குச் சுமார் 1,450 யூனிட், ஏறக்குறைய ஒரு டன். நூறு கிலோவாட் போட்டால் நூறு டன். இரண்டும் வேண்டாம் என்று சொல்லவில்லை. நிழலுக்காக மரம் வையுங்கள், மின்கட்டணத்துக்காக சோலார் போடுங்கள். பத்தாயிரம் டன் வெளியிடும் ஊர் இந்த முந்நூறைக் காட்டி 'சமநிலை' என்று பலகை வைக்க முடியாது என்று மட்டும் சொல்கிறேன்.

இதை ஒழுங்காகச் செய்ய முயன்றவர்களும் இருக்கிறார்கள். வயநாட்டில் மீனங்காடி ஊராட்சி 2016இல் கார்பன் சமநிலைத் திட்டத்தைத் தொடங்கியபோது முதலில் கணக்கெடுத்தார்கள். ஊர் வெளியிடுவது, மரமும் மண்ணும் உறிஞ்சுவதைவிட ஆண்டுக்கு 11,000 டன்னுக்கு மேல் அதிகம் என்று தெரிந்தது. காப்பித் தோட்டமும் மரமுமாக உள்ள வயநாட்டிலேயே இந்த நிலை என்பதைக் கவனியுங்கள். அவர்கள் கொண்டுவந்த மர வங்கித் திட்டத்தில் விவசாயி தன் மரத்தை ஈடாக வைத்து ஆண்டுக்கு மரத்துக்கு ஐம்பது ரூபாய் வட்டியில்லாக் கடன் வாங்கலாம், வெட்டினால்தான் திருப்பிக் கட்ட வேண்டும். கன்று நடுவதற்கல்ல, மரத்தை வெட்டாமல் வைப்பதற்குப் பணம். ஜம்முவில் பள்ளி என்ற ஊராட்சி 2022 ஏப்ரலில் 500 கிலோவாட் சோலார் நிலையத்தோடு நாட்டின் முதல் கார்பன் சமநிலை ஊராட்சி என்று அறிவிக்கப்பட்டது. சோலார் நிலையம் மின்சாரத்துக்கு மட்டுமே பதில் சொல்லும். மாடும் வயலும் டிராக்டரும் உள்ள கிராமத்தில் மிச்சத்துக்கு யார் பதில் சொல்வது என்பதுதான் என் தயக்கம்.

நம் பக்கத்தில் மேட்டுப்பாளையத்தை ஒட்டிய ஓடந்துறை ஊராட்சி கார்பன் என்ற பேச்சே ஊராட்சிகளில் இல்லாத காலத்தில், 2006இல், சேமிப்பையும் வங்கிக் கடனையும் சேர்த்து 1.55 கோடி ரூபாயில் உடுமலைப் பக்கம் மைவாடியில் 350 கிலோவாட் காற்றாலை வாங்கியது. ஆண்டுக்கு ஆறே முக்கால் லட்சம் யூனிட் வரை வந்தது, ஊராட்சியின் தேவை போக மிச்சத்தை மின்வாரியத்துக்கு விற்றார்கள். இன்றைய காரணியில் அது 480 டன்னுக்கு மேல். கணக்கு எழுதும்போது ஒரு நுணுக்கம் உண்டு. ஓடந்துறையின் மோட்டார்கள் இழுத்தது பொது மின்கட்டமைப்பின் மின்சாரம், அதன் கார்பனை ஒரு வரியிலும், காற்றாலை தவிர்த்ததை இன்னொரு வரியிலும் காட்டுவதே நேர்மை. விற்ற மிச்ச மின்சாரத்தின் பெருமையை வாங்கியவரும் விற்றவரும் ஆளுக்கொரு முறை எழுதிக்கொண்டால் ஒரே குறைப்பு இரண்டாகிவிடும்.

குறைந்துவிட்டது என்று சொல்லும் அறிக்கைகளில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பிரிட்டனில் அரசு வெளியிடும் மின்சாரக் காரணி 2014இல் யூனிட்டுக்கு அரைக் கிலோ, 2024இல் 0.2 கிலோவை ஒட்டி வந்துவிட்டது. நிலக்கரி நிலையங்களை ஒவ்வொன்றாக மூடி, கடைசி ஒன்றை 2024 செப்டம்பரில் நிறுத்தினார்கள். அந்தப் பத்தாண்டில் ஒரு பல்பைக்கூட மாற்றாத ஆங்கிலேய உள்ளாட்சியின் மின்சாரக் கார்பன் பாதிக்கு மேல் குறைந்திருக்கும். அங்கே பல உள்ளாட்சிகள் வெளியிடும் குறைப்பு எண்களில் இது கலந்திருக்கிறது. இங்கே காரணி அவ்வளவு அசையவில்லை, ஆகவே நமக்கு அந்த இலவச லாபம் இன்னும் கிடைக்கவில்லை. எதிர்காலத்தில் கிடைக்கும்போது, யூனிட் எவ்வளவு குறைந்தது, காரணி எவ்வளவு குறைந்தது என்று இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். அடிப்படை ஆண்டையும் பாருங்கள். கொரோனாக் காலத்து 2020-21ஐ அடிப்படையாக வைத்தால் பின்வரும் ஆண்டெல்லாம் கூடியதாகவே தெரியும். பழைய சோடியம் விளக்குக் காலத்தை வைத்தால் ஏற்கெனவே முடிந்த வேலைக்கு இன்னொரு முறை கைதட்டல் கிடைக்கும்.

சிமென்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் எந்த நகராட்சி அறிக்கையிலும் அதைப் பார்ப்பது அபூர்வம். ஐந்து மீட்டர் அகலம், இருபது சென்டிமீட்டர் கனத்தில் ஒரு கிலோமீட்டர் கான்கிரீட் ரோடு போட்டால் ஆயிரம் கனமீட்டர் கலவை, சுமார் 350 டன் சிமென்ட், ஏறக்குறைய 200 டன் கார்பன். அதாவது உங்கள் பத்தாயிரம் மரமும் ஒரு வருடம் உழைத்து அதிகபட்சமாக உறிஞ்சுவது. அதைப் போட்ட அடுத்த வருடம் பாதாளச் சாக்கடைக்கும் குடிநீர்க் குழாய்க்கும் வெட்டி, மறுபடி போடுகிறோம். பொறியியல் பிரிவும் குடிநீர்ப் பிரிவும் ஒரே மேஜையில் உட்கார்ந்து தேதி குறித்தாலே மிச்சமாகும் கார்பன் இது.

நடைமுறையில், அடுத்த மன்றக் கூட்டத்தில் மூன்றே விவரம் கேட்கலாம். நகராட்சியின் பெயரில் உள்ள எல்லா மின் இணைப்புகளும் எங்கே இருக்கின்றன, கடந்த பன்னிரண்டு மாதத்தில் ஒவ்வொன்றிலும் எத்தனை யூனிட் என்பது முதலாவது. இதைத் தொகுக்கும்போதே, மோட்டாரைக் கழற்றிப் பல காலம் ஆகியும் கட்டணம் போய்க்கொண்டிருக்கும் ஆழ்துளைக் கிணறுகள் சில வெளிவரும். எல்லா ஊரிலும் வரும். இரண்டாவது, அதிக யூனிட் இழுக்கும் இரண்டு நீரேற்று நிலையங்களில் பம்பின் திறனை அளந்த அறிக்கை. மூன்றாவது, கிடங்கிலும் உர மையங்களிலும் நாள்வாரியாக எத்தனை டன் வந்தது, அதில் மக்கும் குப்பை எவ்வளவு என்ற எடைப் பதிவு. இந்த மூன்றும் கையில் இருந்தால் உங்கள் ஊரின் கணக்கை ஒரு எக்செல் தாளில் நீங்களே போட்டுவிடலாம், ஆலோசகர் தேவையில்லை. மூன்றாவதற்கு 'எடைமேடை ரிப்பேரில் இருக்கிறது, லாரி நடைக்கு இத்தனை டன் என்று குத்துமதிப்பாக எழுதுகிறோம்' என்று பதில் வரும் வாய்ப்பு அதிகம். அப்படி வந்தால் கன்று வாங்கும் டெண்டரை ஒரு மாதம் தள்ளிவைத்து எடைமேடையைச் சரிசெய்யும் தீர்மானத்தை முதலில் கொண்டுவாருங்கள். மழைக்காலம் வரை கன்று காத்திருக்கும்.